ஆற்றுவழி வரும் விருந்தினரும் வெள்ளகோவில் விவசாயியும்

விளைந்த சரக்கைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு, விலை சொல்வோன் வாயைப் பார்த்து நிற்றல் நம் நாட்டு விவசாயிக்கு நெடுங்காலமாகப் பழகிப்போன வழக்கமாகும். வாங்குவோரே வழிச்செலவைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, விளைநிலத்தைத் தேடி வந்து, விளைவித்தோன் குறித்த விலையைக் கொடுத்துச் செல்லுதல் மேனாட்டில் சில இடங்களிற் காணப்படும் வழக்கமாகும். இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று, அவ்வழக்கம் நமக்கும் ஏற்குமா, ஏற்குமாயின் அதில் விவசாயி அஞ்சவேண்டிய இடம் யாது என்பவற்றை ஆராய்தல் வெள்ளகோவில் வட்டாரத்து நிலச்சொந்தக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன் தருவதாகும்.

படகு யாத்திரையில் ஒரு நாள்

போர்த்துகல் தேசத்தில் டோரு என்றோர் ஆறு இருக்கின்றது. அது ஸ்பெயின் தேசத்திற் பிறந்து, மேற்கு நோக்கி ஓடி, போர்ட்டோ நகரத்தருகே அட்லாண்டிக் சமுத்திரத்திற் கலக்கின்றது. அதன் கரைகளில் செங்குத்தாக எழும் மலைச்சரிவுகளில், ஏடு ஏடாகப் பிளக்கும் ஒருவகைப் பாறையை உடைத்துக் கற்சுவர் எழுப்பி, படிக்கட்டுகளைப்போல் நிலத்தைத் திருத்தித் திராட்சை பயிரிடுகிறார்கள். கோடையில் வெப்பம் மிகக் கடியது. மண்ணோ கல்லும் கரடுமானது. ஒலிவம், வாதுமை போன்ற சில மரங்களைத் தவிர வேறு பயிர் அங்கு எளிதில் வாராது.

இவ்வாற்றில் வெளிதேசத்தாரை ஏற்றிக்கொண்டு உல்லாசக் கப்பல்கள் பல செல்லுகின்றன. அவை இரவில் ஓடுவதில்லை; கரையிற் கட்டப்பட்டிருக்கும். காலையில் ரெகுவா, பினியாவ் முதலிய சிற்றூர்த் துறைகளில் யாத்திரிகர் இறங்கி, வண்டியேறி, மேட்டிலுள்ள தோட்டத்திற்குச் செல்லுவர். தோட்டத்தார் முதலிற் காட்டுவது கொடிகளையே. எந்தச் சரிவு எத்திசை நோக்கியது, எந்தக் கொடி எத்தனை ஆண்டு வயதுடையது, வேர் பாறைப் பிளவுகளில் எவ்வாறு இறங்கி நீர் தேடுகின்றது என்பவை விளக்கப்படும். அடுத்து, அறுவடைக்காலத்தில் ஆட்கள் வரிசையாக நின்று பழத்தைக் காலால் மிதிக்கும் கருங்கல் தொட்டிகளைக் காணலாம். சாறு பாதி புளித்த நிலையில், நான்கு பங்கிற்கு ஏறத்தாழ ஒரு பங்கு திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துப் புளிப்பை நிறுத்துவதே போர்ட் என்னும் மதுவின் செய்முறை. ஆதலால் அதில் இனிப்பு எஞ்சி நிற்கின்றது. பின்னர் மரப்பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறைக்குட் புகுந்து, 10 ஆண்டு, 20 ஆண்டு என்று வயது குறித்த சரக்கைச் சிறு கிண்ணங்களிற் சுவைத்துப் பார்ப்பர். பகலுணவிற்குப்பின் மற்றொரு தோட்டம். மாலையில் புட்டிகளும், ஒலிவ எண்ணெயும், தேனும் வாங்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவர்.

அம்மது அவர்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கக்கூடியதே. அவ்வாறிருக்க, கடல் கடந்து வந்து, மேடேறி வாங்குவது ஏன்? இந்த மண்ணில், இந்தக் கொடியில், இம்முறையில் விளைந்தது இதுவே என்பதைத் தம் கண்ணாற் காண்பதற்காக வருகிறார்கள். அந்த உறுதியே அவர்கள் மிகுதியாகக் கொடுக்கும் பணத்திற்குக் காரணம்.

மதுவைப்பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவது தகுமா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நம் மாகாணத்தில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குதல் தடுக்கப்பட்டிருக்கின்றது. குடியினால் அழிந்த குடும்பங்களை அறியாத கிராமமும் இல்லை. ஆதலால் கொடி வளர்த்து மது வடிக்கும்படி இங்கு எவருக்கும் யோசனை கூறப்படவில்லை. ஒரு விளைபொருளுக்கு மதிப்பு உண்டாக்கிய ஏற்பாடு மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றது. அவ்வேற்பாடு முருங்கைக்கும், தேங்காய்க்கும், நெய்க்கும் ஒன்றுபோலப் பொருந்துவதாகும்.

எல்லைக்கல் முன்னே, படகு பின்னே

டோரு ஆற்றங்கரையில் விருந்தினர் முதலில் வந்து மதிப்புப் பின்னர் உண்டாயிற்று என்று எண்ணுவது பிழை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அம்மதுவில் கலப்படம் மலிந்தது. நிறத்தைக் கூட்டுவதற்காக எல்டர் என்னும் செடியின் கரிய பழச்சாற்றைக் கலந்தனர். வேறிடத்துச் சரக்கையும் அப்பெயரிலேயே விற்றனர். விலை வீழ்ந்தது, நல்ல சரக்கு வைத்திருந்தோனும் கெட்டான். 1756-ஆம் ஆண்டில் அந்நாட்டு மந்திரியாகிய பொம்பால் பிரபு இதில் தலையிட்டு, இன்ன எல்லைக்குள் விளைந்ததற்கே இப்பெயர் உரியது என்று விதித்தார். எல்லையிற் கருங்கற்கள் நடப்பட்டன. எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கும்படி உத்தரவு பிறந்தது. சட்டத்தினால் எல்லை வகுக்கப்பட்ட உலகின் மிகப் பழைய திராட்சை நாடுகளுள் ஒன்று அதுவே.

எல்லை வகுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு தோட்டத்தையும் தனித்தனியே பதிவேட்டில் ஏற்றி, உயரம், சரிவு, மண், கொடியின் வயது முதலியவற்றிற்கு மதிப்பெண் இட்டு வகுப்புப் பிரித்தனர். அந்த வகுப்பைக் கொண்டே ஒவ்வொருவரும் அவ்வாண்டில் எவ்வளவு போர்ட் மது ஆக்கலாம் என்னும் அளவு கிடைக்கின்றது. ஆக்கிய சரக்கும் பரிசோதனைச் சாலையிற் சோதிக்கப்பட்டு, முத்திரைச் சீட்டுப் பெற்ற பின்னரே விற்பனைக்குப் போகும்.

ஆறோ அக்காலத்தில் உல்லாசத்திற்கு ஏற்றதாக இருந்ததில்லை. தட்டை அடியுள்ள படகுகளிற் பீப்பாய்களை ஏற்றிப் பாறைச் சுழல்களினூடே உயிரைப் பணயம் வைத்து இறக்கினர். அவ்வாற்றுக்குத் தேசப்படம் வரைந்த பாரஸ்டர் என்னும் ஆங்கில வியாபாரியே 1861-இல் அதன் சுழலில் மூழ்கி இறந்தார். பிற்காலத்தில் ஐந்து அணைகள் கட்டி, கப்பல்களை ஏற்றியிறக்கும் நீர்ப்பூட்டுகள் அமைத்தபின், 1990-ஆம் ஆண்டில்தான் ஆற்றுவழி முழுவதும் கப்பலுக்குத் திறந்தது. அப்பூட்டுகளுள் ஒன்று கப்பலைச் சுமார் 35 மீட்டர் உயரம் தூக்குவதாகும். 2001-இல் அம்மலைத்தோட்டங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டன. எல்லைக்கல் நட்டதற்கும் கப்பல்வழி திறந்ததற்கும் இடையே 234 ஆண்டுகள் சென்றன என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். விருந்தினரை வரவேற்கக் கட்டடம் எழுப்புவதே முதல் வேலை என்று எண்ணுவோருக்கு இக்கணக்கு ஒரு நல்ல பாடமாகும்.

நாசிக்கில் நேர்ந்தது

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உதாரணம் கோதாவரிக் கரையிலுள்ள நாசிக் ஆகும். திராட்சைப் பழத்திற்கு நெடுநாளாகப் பெயர் பெற்ற அவ்வூரில், கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பை அடுத்து, சூலா என்னும் கம்பெனி தோட்டம் வைத்து 2000-இல் தன் முதல் மதுவை வெளியிட்டது. 2001-இல் மகாராஷ்டிர சர்க்கார் திராட்சைத் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்துச் சலுகைகள் அளித்தது. பம்பாய், பூனா நகரத்தார் வாரக் கடைசியில் நாசிக்குக்கு வந்து தோட்டம் பார்த்து, சுவைத்து, தங்கிச் செல்லும் வழக்கம் வளர்ந்தது.

அச்சமயத்தில் மது வடிக்கும் சாலைகள் பல தோன்றவே, விவசாயிகள் பலர் சந்தைக்குரிய பழக்கொடியை விடுத்து மதுவுக்குரிய கொடியை நட்டனர். மதுவுக்குரிய பழம் சிறியது, விதையுள்ளது. தின்னும் பழமாக அதை விற்க இயலாது. 2008-இல் உலகெங்கும் பணமுடை உண்டாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் பம்பாயில் நடந்த கொலைத்தாக்குதலால் யாத்திரிகர் வரவும் குறைந்தது. சாலைகளிற் சரக்குத் தேங்கிற்று. பழத்தை ஏற்க மறுத்தன. நட்டுப் பலன் கண்ட கொடிகளை விவசாயிகள் தங்கள் கையாலேயே பிடுங்கி எறிய நேர்ந்தது. உறுதியான உடன்படிக்கை உடையோர் பிழைத்தனர். வாய்ச்சொல்லை நம்பியோர் நஷ்டமடைந்தனர்.

டோரு நாட்டிலும் இத்துன்பம் இல்லாமலில்லை. அங்குக் கப்பல்கள் நிறைந்து செல்லுகின்றன. ஆனால் உலகில் மது அருந்துவது குறைந்து வருவதால், போர்ட் மது ஆக்குவதற்கு அனுமதித்த அளவு 2024-இல் 90,000 பீப்பாயாகவும், 2025-இல் 75,000 பீப்பாயாகவும் குறைக்கப்பட்டது. அங்கு ஒரு பீப்பாய்க் கணக்கு 550 லிட்டர் ஆகும். பழத்தை வாங்க ஆளில்லை என்றும், கிடைக்கும் விலை பறிகூலிக்கும் போதவில்லை என்றும் சிறு தோட்டக்காரர்கள் முறையிடுகின்றனர். கப்பற் கம்பெனி பெருகுவதும் அதன் சன்னலுக்கு எதிரேயுள்ள சரிவில் கொடி வளர்ப்போன் இளைப்பதும் ஒரே காலத்தில் நடக்கின்றன. விருந்தினர் மெச்சும் அழகிய கற்சுவரைப் பழுது பார்ப்பவன் அவ்விவசாயியே. ஆனால் கப்பற் சீட்டின் பணத்தில் அவனுக்கென்று தனிப் பங்கு ஒன்றும் எழுதப்படவில்லை. விருந்தினர் வருவதனாலேயே விவசாயி வாழ்ந்துவிடுவான் என்னும் எண்ணம் இதனாற் பொய்யாகின்றது.

வெள்ளகோவிலின் நிலை

இனி நம் வட்டாரத்தை நோக்குவோம். வெள்ளகோவிலில் கப்பல் ஓடும் ஆறு இல்லை. வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இடையே பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலின் கடைமடை. அவ்வாய்க்காலில் நீர் எத்தனை நாள் வரும் என்பதற்கே விவசாயிகள் மன்றாடவேண்டியிருக்கின்றது. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்குப் பயன்படுவதற்கு மாறாகச் சாயக்கழிவின் தேக்கமாய்ப் போயிற்று என்பதும், பாசன விவசாயிகள் நியாயஸ்தலம் சென்று போராடியதும், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சாயச்சாலைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டதும் யாவரும் அறிந்தவையே. ஆற்றைக் காப்பாற்றாத நாட்டில் ஆற்றங்கரை விளைபொருளுக்குப் பெயர் நிலைக்காது.

எனினும், காட்டுவதற்குரிய பொருள் இவ்வட்டாரத்தில் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கொண்ட கொறங்காடு, மானாவாரியாகவே கால்நடையைக் காக்கும் அரிய ஏற்பாடு. அதில் மேய்ந்து வளர்வது காங்கேயம் மாடு. டோருவின் கல் நிலம் எவ்வாறு கொடிக்கு ஏற்றதாயிற்றோ, அவ்வாறே நம் வறண்ட நிலம் இம்மாட்டிற்கு ஏற்றதாயிற்று. முருங்கையில் மூலனூர் வகை பெயர் பெற்றது. கொப்பரையும் சூரியகாந்தி விதையும் வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்தில் விற்கப்படுகின்றன. சித்திரையிற் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கும், மகாசிவராத்திரியை ஒட்டி வீரக்குமாரசுவாமி தேருக்கும் வெளியூரார் திரளாக வருகின்றனர். வந்தவர்கள் மாட்டைக் கண்டு, தேரைக் கண்டு, திரும்பிவிடுகின்றனர். மாடு மேய்ந்த கொறங்காடு எது, காய் பறித்த மரம் எது என்பதை அவர்களுக்குக் காட்டுவோர் இல்லை.

முருங்கையின் விலையை நோக்கினால் குறை இன்னும் விளங்கும். பங்குனி, சித்திரை மாதங்களிற் காய் குவியும்போது கிலோ ஒன்று சில ரூபாய்க்கு இறங்கிப் பறிகூலிக்கும் கட்டாமற் போவதும், மார்கழிக் குளிரிற் காய் அருகும்போது நூறு ரூபாய்க்கு மேல் ஏறுவதும் உண்டு. ஏறும் காலத்தில் விவசாயியிடம் காய் இல்லை. இறங்கும் காலத்தில் அவனுக்கு விலை இல்லை. வாரந்தோறும் தனியார் கொள்முதல் நிலையங்களிற் கைமாறும் மூட்டைகளில், எது எந்தத் தோட்டத்துக் காய், கடைசியாக மருந்து தெளித்த நாள் எது, பறித்து எத்தனை மணி நேரமாயிற்று என்பவை எழுதப்படுவதில்லை. பெயர் எழுதாத சரக்கிற்கு வாங்குவோன் சொல்வதே விலையாகும்.

பட்டயம் ஒன்றைப் பெற்றுவிட்டால் இக்குறை தீர்ந்துவிடும் என்று கருதுவோரும் உளர். இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 முதல் நடைமுறையில் இருக்கின்றது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இலும், கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இலும் அக்குறியீடு கிடைத்தது. இது நல்ல ஆரம்பமே. ஆனால் டோருவில் எல்லைக்கல்லுக்குப் பின்னால் பதிவேடும், பதிவேட்டுக்குப் பின்னால் சோதனைச்சாலையும் நின்றமையாலேயே கல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று. சோதனை இல்லாத குறியீடு, காவலற்ற வேலி போன்றதாகும்.

செய்யத்தக்கவை

முதலாவது, பதிவு. ஒரு கிராமத்தில் பத்து நிலச்சொந்தக்காரர்கள் கூடி, முருங்கை அல்லது தென்னை உள்ள சர்வே எண், மரத்தின் வகை, வயது, எண்ணிக்கை, பாசன வழி ஆகியவற்றை ஒரே புத்தகத்தில் எழுதவேண்டும். இதற்குக் கிராம அதிகாரிகளின் அடங்கல் ஆதாரமாக இருத்தல் அவசியம். தோட்டத்திற்குச் செல்லாமலே சென்ற ஆண்டுப் பதிவை இவ்வாண்டும் எழுதிவிடும் பழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அது சிறு பிழையென்று தள்ளத்தக்கதன்று. தரிசு என்று எழுதிய நிலத்திலுள்ள முருங்கைக்கு வறட்சி நிவாரணமும் கிடைக்காது, பெயரும் கிடைக்காது. அடங்கலே நம்முடைய எல்லைக்கல்.

இரண்டாவது, தரம். காயின் நீளம், பருமன், முற்றல், வளைவு ஆகியவற்றிற்கு அளவு குறித்து, அதற்குட்பட்டதை மட்டும் கூட்டுப் பெயரிற் கட்டவேண்டும். மருந்து தெளித்த நாளையும் பறித்த நாளையும் கட்டின்மேல் எழுதவேண்டும். மட்டமான காயை உட்புறம் வைத்துக் கட்டுவோர் யாராயினும், உறவினராயினும், அவர் பெயர் அப்புத்தகத்திலிருந்து நீக்கப்படவேண்டும். எல்டர் செடியைப் பிடுங்கிய கண்டிப்பு இல்லாமற் பெயர் நிலைக்காது. திருப்பூர்ப் பனியன் முதலாளிகளுக்கு இது புதிதன்று. வெளிதேசத்து வியாபாரிகள் அவர்களுடைய சாலைக்கே வந்து, சாய நீரையும் ஆட்களின் பதிவேட்டையும் சோதித்த பின்னரே சரக்கு எடுக்கின்றனர். பக்கத்து ஊரில் நூலுக்கு நடக்கும் சோதனை தோட்டத்துக் காய்க்கும் நடக்கலாம்.

மூன்றாவது, எழுத்து மூலமான உடன்படிக்கை. எவ்வளவு சரக்கு, குறைந்தபட்ச விலை எவ்வளவு, எத்தனை ஆண்டிற்கு, ஏற்க மறுத்தால் நஷ்டஈடு யாது என்பவை கையொப்பமிட்ட காகிதத்தில் இருக்கவேண்டும். ஒரே ஒருவர் மட்டும் வாங்கக்கூடிய பொருளுக்காக நிலம் முழுவதையும் மாற்றுவது தகாது. இலைப்பொடிக்காக முருங்கை நடச் சொல்வோரும், நீரா இறக்குவதற்காகத் தென்னையைக் கேட்போரும் வரும்போது, நாசிக்கில் பிடுங்கப்பட்ட கொடிகளை நினைத்துக்கொண்டு, நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் அதற்கு ஒதுக்குதல் விவேகமாகும். காய்க்கும் இலைக்கும் ஒருங்கே பயன்படும் மரமாயின் நஷ்டம் தாங்கத்தக்கது.

இம்மூன்றும் சில ஆண்டுகள் ஒழுங்காக நடந்தபின் நான்காவதாக விருந்தினரை அழைக்கலாம். காலையில் கொறங்காட்டில் மாடு மேய்தல், வெயில் ஏறுமுன் முருங்கைத் தோட்டம், நிழலில் இலை உலர்த்தும் கொட்டகை, பிற்பகலில் கொப்பரைக் களமும் செக்கும் என்று ஒரு நாளை வகுத்துவிடலாம். கோயமுத்தூர் நகரத்தாரும், திருப்பூருக்கு வரும் வெளிதேசத்து வியாபாரிகளும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வருவதற்குத் தூரம் அதிகமில்லை. வண்டி வைத்து அழைத்து வருவோர் யாராயினும், ஒவ்வொரு விருந்தினருக்கும் இவ்வளவு என்று தோட்டக்காரருக்கும் கொறங்காட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கவேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளவேண்டும். டோருவின் சிறு தோட்டக்காரர் விட்டுவிட்ட வரி இதுவே. வருகை பெருகியபின் கேட்டால் எவரும் கொடுக்கமாட்டார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் பழமொழியைச் சொல்லிக்கொண்டே கணக்கு எழுதாமல் இருந்துவிட்டோம். உழக்கு மிஞ்சாததற்கு, எழுதாததும் ஒரு காரணம் என்பதை டோருக் கரையின் பதிவேடுகள் காட்டுகின்றன. வருகிற பங்குனிக் காய்ப்புக்கு முன் ஒரு கிராமத்தில் பத்துப் பேர் ஒரு புத்தகத்தைத் திறப்பார்களாயின், அடுத்த பங்குனியில் கொள்முதல் நிலையத்தில் விலை பேசும் வாய் ஒன்றாக இராமல் இரண்டாகும் என்பது திண்ணம்.